டீக்கடைக்கு நழுவிய நான்

வல்லம் போகும் வழியில் ஸ்கூட்டி சறுக்கி என் மனைவி மல்லிகாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்சம் ரத்தம் எடுத்து, பிளேட்லெட்டைப் பிரிச்சு, ஆபரேஷனப்ப முறிவுல விடுவோம். எலும்பு சேர உதவலாம்" என்றார் டாக்டர்.

என்னிடம்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். ஊசி என்றாலே எனக்குப் பயம். டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினேன்.

அரைமணி நேரத்தில் மனசு உறுத்தியது. திரும்பி வந்து, கண்ணை மூடிக்கொண்டு நர்ஸிடம் கையை நீட்டினேன்.

"உங்க ரத்தம் எதுக்குங்க? அவங்க ரத்தத்தையே எடுத்தாச்சு!" என்று சிரித்தார் நர்ஸ்.

கட்டிலில் மல்லிகாவும் வலியோடு சிரித்தாள். "இன்னாங்க, பயந்து ஓடிட்டீங்களா?"

"ஆமா."

"அதான் திரும்பி வந்துட்டீங்களே."

இப்போது அவள் என்னைவிட வேகமாக நடக்கிறாள். அன்று திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவள் சொன்ன அந்த வார்த்தையைத்தான் மறக்க முடியவில்லை.