ஜோதி போட்ட ஜெபக்குறிப்பு

ஜோதிக்குக் கோபம் வந்தால் மேலூர் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் அவள் விற்பனையாளராக இருக்கும் ரேஷன் கடையில் வரிசை கோணாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். எடை குறைகிறது என்று யாராவது முணுமுணுத்தால், "வந்து நீங்களே தராசைப் பாருங்க, கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்று கூப்பிட்டு நிறுத்திவிடுவாள். ஆனால் அவளுடைய பரம விரோதி மனிதர்கள் இல்லை, கைரேகை இயந்திரம். வேலை செய்து தேய்ந்த விரல்களை அந்தச் சனியன் ஏற்காது. வயதானவர்களின் கட்டைவிரலைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்து, இயந்திரத்தில் வைத்து அழுத்தி, "விழுந்து தொலையேன்" என்று திட்டித் திட்டித்தான் அரிசி போட வேண்டும். அடுத்தவர் விரலைப் பிடிப்பது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

கணவன் ஜெயக்குமார் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் கேரளாவில் இருப்பான். வீட்டில் இருக்கும் மீதி நாளிலும் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே ஒரே மகள் கெசியாவைக் கண்டிப்பது, அடிப்பது, அவளுக்காக ஜெபிப்பது எல்லாம் ஜோதியின் இலாகா. பிளஸ் ஒன்னில் பாடமெல்லாம் போனில்தான் வரும் என்று பள்ளியில் சொன்னபோது, புதுப் போனை வாங்கி, அதன் மேல் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுத்தான் மகளிடம் கொடுத்தாள். கூடவே சட்டமும் போட்டாள். பைபிள் ஆப் இருக்கலாம். பள்ளியின் வாட்ஸ்அப் குழு இருக்கலாம். சபையின் வாலிபர் குழு கட்டாயம் இருக்க வேண்டும். குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது போன் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். இதைச் சபையின் மற்ற அம்மாக்களிடம் சொல்லி ஜோதி பெருமைப்பட்டுக்கொள்வாள். அவர்களும் ஆமென் என்பார்கள்.

வாலிபர் குழுவை நடத்துபவன் ஞானசேகர். முப்பதை நெருங்குகிறவன். ஆராதனையில் கீபோர்டு வாசிப்பான், விடிந்ததும் குழுவில் வசனம் போடுவான். சபையின் போதகரை அவர்கள் ஐயர் என்பார்கள். அந்த ஐயரே பிரசங்கத்தில் ஞானசேகரை உதாரணம் காட்டியிருந்தார். அப்படிப்பட்டவன் நடத்தும் குழுவிலிருந்து கெசியா ஒரு நாள் விலகிவிட்டாள். ஜோதி ஆடித் தீர்த்துவிட்டாள்.

"வசனம் வர்ற எடம் உனக்குக் கசக்குதா? அண்ணன் மெசேஜ் போட்டா பதில் போடணும். அதான் மரியாதை."

கெசியா ஏதோ சொல்ல வந்தாள். "வாயை மூடு" என்று சொல்லிவிட்டு, ஜோதியே ஞானசேகருக்குப் போன் செய்து மகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள். கெசியா வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை அடங்கிவிட்டது என்று ஜோதி நிம்மதியானாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு கெசியா கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் போன் விட்டு விட்டு அதிர்ந்தது. திரையில் மாதவன் என்ற பெயர். ஜோதிக்குச் சுருக்கென்றது. பூட்டியிருந்த போன் விரலைக் கேட்டது. அவள் கை தானாகப் போயிற்று. கடையில் செய்வது போலவே மகளின் கட்டைவிரலை முந்தானையால் துடைத்தாள், அழுத்தினாள். இந்த இயந்திரம் ஒரு அடமும் பிடிக்கவில்லை, உடனே திறந்துகொண்டது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடும்" என்று கெசியா எழுதியிருந்தாள். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று மாதவன் பதில் போட்டிருந்தான். அவ்வளவுதான் படித்தாள். மேலே படிக்கக் கோபம் விடவில்லை.

மகளை எழுப்பிக் கேட்டிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால்கூட உண்மை வெளியே வந்திருக்கும். ஜோதி சபைக்காரியாயிற்றே, ஜெபக்குறிப்பு போட்டாள். சபைப் பெண்கள் கூடும் ஐக்கியத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. முழங்கால் வலியில் தொடங்கி மருமகள் சண்டை வரைக்கும் ஜெபிக்க வேண்டிய விஷயமாக அங்கே வந்து விழும். மற்ற இடத்தில் பேசினால் புறணி, அங்கே போட்டால் ஜெபபாரம். ஜோதி அடுப்படியில் நின்றபடியே தட்டினாள்: "சகோதரிகளே, என் மகள் கெசியா போன் மூலமாக ஒரு அந்நிய மதப் பையனிடம் சிக்கிவிட்டாள். பாரத்தோடு ஜெபியுங்கள்."

கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. சாயங்காலமே ஐயரின் மனைவி சுஜா போனில் பேசினார்.

"அழாதீங்க ஜோதி. நம்ம சேகர் தம்பிய அனுப்பி வைக்கிறேன். வயசுப் பிள்ளைங்ககிட்டப் பேசத் தெரிஞ்ச தம்பி."

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மறுநாள் மாலை ஞானசேகர் வேதாகமத்தோடு வந்து உட்கார்ந்தான். ஜோதி நல்ல டம்ளரில் காபி கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கெசியா பள்ளியிலிருந்து வந்தாள். முகம் கனன்றுகொண்டிருந்தது. "எங்க வீட்ல உனக்காக ஜெபம் பண்ணாங்க, யாருடி அந்தப் பையன்?" என்று சபைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி வகுப்பிலேயே கேட்டிருந்தாள்.

"உக்காரு" என்றாள் ஜோதி. "அண்ணன் உங்கிட்டப் பேச வந்திருக்காரு."

கெசியா அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த காபியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இவரையா கூப்பிட்ட?"

"மரியாதையாப் பேசுடி."

"நான் தூங்கும்போது என் விரலை வச்சுத்தானே தொறந்த? தொறந்ததுதான் தொறந்த, முழுசாப் படிச்சிருக்கக் கூடாதாம்மா?"

பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, அம்மாவின் கையில் திணித்தாள். ஞானசேகர் அனுப்பியவை. முதலில் வசனம். அப்புறம், "நீ பாடுறப்ப உன்னையே பாத்துட்டிருந்தேன்." அப்புறம், "ஒரு போட்டோ அனுப்பு." அப்புறம், "பாட்டுப் பயிற்சிக்கு முன்னாடியே தனியா வந்துடு." கடைசியில், "அம்மாகிட்ட சொல்லிப் பாரேன். உன்னைக் குழுவுல சேர்க்கச் சொன்னதே அவங்கதான்."

வகுப்புத் தோழன் மாதவனிடம் மட்டும்தான் கெசியா இதைச் சொல்லியிருந்தாள். டீச்சரிடம் போய்ச் சொல்வோம், நானும் கூட வருகிறேன் என்று அவன் கெஞ்சியிருந்தான். ஜோதி படிக்காமல் விட்டது அதைத்தான்.

"அக்கா, பிள்ளை தப்பாப் புரிஞ்சுக்கிட்டா" என்று ஞானசேகர் எழுந்தான். "முதல்ல ஒரு ஜெபம் பண்ணிட்டு..."

ஜோதி அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஜெபம்னு இன்னொரு தடவ வாயத் தொறந்த, பல்லு இருக்காது. போடா வெளியே!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஐயரும் சுஜாவும் வந்தார்கள். ஐயர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்மா. போலீசுன்னு போனா பிள்ளை பேருதான் கெடும். அவன் பேரை வெளியே விடாம, ஜெபத்துல வைப்போம்."

"எம்பொண்ணு ஒரு தப்பும் பண்ணாதப்போ அவ பேரைச் சொல்லி அத்தனை பேரும் ஜெபம் பண்ணீங்களே" என்றாள் ஜோதி. "தப்புப் பண்ணவன் பேரைச் சொல்ல மட்டும் ஏன் ஐயா வாய் வரல?"

சுஜா முதலில் எழுந்துகொண்டார். ஐயர் ஜெபம் செய்யாமலே கிளம்பிப் போனார்.

எல்லாரையும் துரத்தியாயிற்று. கோபம் மட்டும் போகவில்லை. அது போக வேறு இடமும் இல்லை. குழுவில் சேர்க்கச் சொல்லிப் போன் செய்தது யார்? வாயை மூடு என்றது யார்? அவனுக்குக் காபி போட்டது யார்? அடுப்படிச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் மகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், இனி அம்மாவிடம் எதையும் சொல்லவே போவதில்லை என்பது போல. ஜோதி போய் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போலாமா? நீ சொன்னாத்தான். வேணாம்னா வேணாம்."

"எனக்குத் தெரியாம திரும்ப எங்கயாவது போட்டுடுவ."

"மாட்டேன்."

"சத்தியமா?"

விசுவாசி சத்தியம் செய்யக் கூடாது என்று அந்த வார்த்தைக்காகவே மகளைப் பலமுறை அடித்தவள் ஜோதி. "சத்தியமா" என்றாள்.

கெசியா அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"போலாம். ஆனா உன்னை நான் இன்னும் மன்னிக்கல."

"வேணாம். மன்னிக்காத."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் ஷரீபா, அவர்கள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த மெசேஜை எல்லாம் நான் பாக்கணும். போனைத் தொறங்க."

ஜோதியின் கை பழக்கதோஷத்தில் மகளின் விரலை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் சுதாரித்து, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெசியா அதைப் பார்த்தாள். தானே கட்டைவிரலை வைத்தாள். வியர்த்திருந்ததால் போன் ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள், அப்போதும் ஏற்கவில்லை. ஜோதி கையை நீட்டவில்லை.

கெசியா அம்மாவின் முந்தானையை இழுத்து, அதில் விரலைத் துடைத்துக்கொண்டு, அழுத்தினாள்.