கறுப்புக் காரின் விலை

இதை இதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நானே கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அதனால் இந்த முறை நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதுகிறேன். நம்புவது உங்கள் இஷ்டம். அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

என் அக்கா டிரைவர். ஒன்பது வருஷமாக அடுத்தவர் காரை ஓட்டுகிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு பெரிய ஹோட்டல் அவளைக் கூப்பிட்டது. விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒரே நிபந்தனை, கார் அவளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கறுப்பு நிறம், உயர்ந்த ரகம். திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். புதுசு வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பழசில் தேடித் தேடி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. விலை இருபத்து நாலு லட்சம். அக்காவின் சேமிப்பு, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தால் பதினெட்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு டியூட்டி இருந்ததால் பேரம் பேச என்னை அனுப்பினாள். மாலை வகுப்பில் வியாபாரம் பற்றிப் படிக்கிறேன், அதுதான் என் ஒரே தகுதி. எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது.

“நீ போய் வாயைத் திறந்தா இருபத்து நாலு இருபத்தஞ்சாயிடும்டா,” என்றாள் போனில்.

“அப்போ நீயே போயேன்.”

“கோவிச்சுக்காத. பதினெட்டுக்கு மேல ஒத்துக்காத, அவ்வளவுதான். காரைப் பாத்துட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத.”

வாயைத் திறக்காமல் பேரம் பேசும் வித்தை ஒன்றை எங்கள் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். உன் விலையைச் சொல். சொன்னதும் பேசாமல் இரு. எவ்வளவு சங்கடமாக இருந்தாலும் இரு. முதலில் வாய் திறக்கிறவன் இறங்கி வருவான்.

7.40க்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய கார் விற்கும் இடம். முன்னால் கண்ணாடி அறை, பின்னால் நீளமான தகரக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே கார்கள். வரிசையின் கடைசியில் அந்தக் கறுப்புக் கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வருவேன் என்று ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

டயரைப் பார்த்தேன். பெயின்ட்டைப் பார்த்தேன். அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். கிட்டே போனால் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. பின்கதவைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன் நான், அதை மட்டும் ஏன் விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டீலர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் பெரிய சாவிக்கொத்து.

“ஏறுங்க தம்பி. விலையை வண்டிக்குள்ள வச்சுப் பேசுவோம். மேஜைக்கு முன்னாடி உக்காந்தா ஆளுக்கு ஆள் முறைச்சுக்குவோம். சீட்டுல சாஞ்சுட்டா எல்லாரும் நல்லவங்க.”

அவர் ஸ்டியரிங் பக்கம், நான் பக்கத்து சீட். உள்ளே குனிந்ததும், “வணக்கம்,” என்றார். நானும் வணக்கம் சொன்னேன்.

“ஏசி போதுமா? பின்னாடி ரொம்பக் குளிருதா?”

பின்னால் தனி ஏசி இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். “நல்லாவே குளிருது சார்,” என்றேன். பொய் இல்லை. பிடரி ஜில்லென்று இருந்தது.

கார் ரோட்டுக்கு வந்தது. உயர்ந்த ரகக் கார் என்றால் உள்ளே சத்தமே கேட்காது என்பார்கள். இதில் பின்பக்கத்திலிருந்து காலி டின்னுக்குள் கல்லைப் போட்டது போல ஒரு சத்தம். சொன்னேன்.

“ரோடு அப்படி, தம்பி,” என்றார். “சரி, சொல்லுங்க. எவ்வளவு எதிர்பாக்கறீங்க?”

“பதினஞ்சு.”

வாயை மூடிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஏதும் வண்டி வருகிறதோ என்னவோ.

“இருபத்து மூணு போட்டுக்கலாமா?”

நான் பேசவில்லை. பின்னாலிருந்து துணி உரசுகிற மாதிரி ஒரு சத்தம். சரக்... சரக்... இரண்டு முறை.

அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். “சரி, இருபத்தொண்ணு.”

சரக்... சரக்...

சீட் பெல்ட் ஏதோ ஆடுகிறது என்று நினைத்தேன். அதே சமயம் உள்ளுக்குள் சந்தோஷம். வகுப்பில் சொன்னது பலிக்கிறதே! எனக்கு எதுவும் முதல் தடவையில் பலித்ததில்லை.

“பத்தொன்பது. சந்தோஷமா?”

சரக்... சரக்...

“பதினெட்டு.”

அங்கேயே நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா சொன்ன விலை அதுதான். சொல்லத்தான் வாயெடுத்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிடரியில் இருந்த குளிர் காதுவரை ஏறியிருந்தது.

சரக்... சரக்...

டீலரின் நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரிலும். காரை ஓரங்கட்டி நிறுத்தினார். கண் மட்டும் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

“என் அசலே பதினாறு...”

சரக்... சரக்...

இப்போது கார் நின்றுகொண்டிருந்தது.

ஆடுவதற்கு எதுவும் இல்லை.

“பதினாலு,” என்றார். நான் கேட்டதற்கும் கீழே. “நஷ்டத்துக்குத் தர்றேன். இதுக்கு மேல என்னால முடியாது.”

“சரி!” என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சத்தம் நின்றது.

வந்த வழியே திரும்பினோம். கண்ணாடி அறையில் முன்பணம் கொடுத்தேன். வாசல்வரை வந்தவர் கொஞ்சம் தெளிந்து சிரித்தார்.

“தம்பி, ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். காசு குடுக்கறவர் மூஞ்சியை நான் பாக்கறதே இல்ல. பின்னாடி உக்காந்திருக்கற வீட்டுப் பொம்பளைங்க மூஞ்சியைத்தான் கண்ணாடியில பாப்பேன். அவங்க தலையாட்டினா வியாபாரம் முடிஞ்சுது. இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தங்களை நான் பாத்ததில்ல. எந்த விலை சொன்னாலும் வேண்டாம், வேண்டாம்னு... வாய் தொறக்காம என்னைக் கவுத்துட்டாங்க.”

“யாரு சார்?”

“உங்க அம்மாதான். சால்வையைக் கழுத்துவரைக்கும் சுத்திக்கிட்டு...”

“எங்கம்மா வீட்டுல இருக்காங்க. நான் தனியாத்தான் வந்தேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. இருவரும் திரும்பிக் காரைப் பார்த்தோம். கறுப்புக் கண்ணாடி. சாத்திய கதவு.

“யாரும் இறங்கலையே...” என்றார்.

நான் ஓடவில்லை. ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பதினாலா! பேரம் பேசற பேயா இருந்தா வீட்டோடவே வச்சுக்கலாம்டா.”

“வேண்டாம்க்கா. வேண்டாம்னுதான் அவங்க தலையாட்டியிருக்காங்க. அந்த ஆள் அதை விலைக்குன்னு நினைச்சுக்கிட்டார்.”

“திங்கக்கிழமை வண்டி இல்லேன்னா நான் ஆயுசு முழுக்க அடுத்தவன் சாவிதான்டா. உன் பயத்துக்கு நான் என்ன பண்ண?”

மறுநாள் காலையில் அவளே கிளம்பினாள். நானும் போனேன். நல்ல வெயில். டீலர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. சாவியை வேலையாளிடம் கொடுத்தனுப்பினார்.

காரின் பின்கதவு இரண்டும் திறந்து கிடந்தன. சீட் தைக்கிறவர் ஒருவர் பெரிய தோல் மெத்தையைக் கொட்டகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“என்னண்ணே, சீட்டை மாத்தறீங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“மாத்தலம்மா, அதே சீட்டுதான். தையல் விட்டிருந்துது. நேத்து மத்தியானமே கழட்டி எடுத்துட்டுப் போனேன், இப்பத்தான் முடிஞ்சுது. முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, நேத்தே மாட்டிட்டதா நினைச்சுக்கிட்டிருக்கார்.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். வெறும் தகடு. சாய்வதற்குக்கூட ஒன்றும் இல்லை. கை வைத்து அளந்து பார்த்தேன். அந்தத் தகட்டில் ஒருவர் உட்கார்ந்தால் தலை முன்சீட்டு முதுகின் உச்சிக்குக் கீழேதான் இருக்கும். கண்ணாடியில் முகம் தெரியவே தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். பிறகு முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். சீட் தைக்கிறவர் ஸ்பேனர் எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார். நான் பம்பருக்கு முன்னால் நின்றேன்.

அவள் கையை உயர்த்திக் கண்ணாடியைத் திருப்பினாள். எந்தக் காரில் ஏறினாலும் அவள் முதலில் செய்வது அதுதான்.

கை அப்படியே நின்றது.

இறங்கினாள். சாவியைக் காரின் கூரைமேல் வைத்தாள். நடந்தாள்.

“அக்கா... வண்டி?”

“வேண்டாம்.”

“முன்பணம்?”

“வேண்டாம்டா. வா.”

ஹோட்டல் வேலை வேறு ஒருவருக்குப் போனது. அக்கா இன்னும் அடுத்தவர் காரைத்தான் ஓட்டுகிறாள். அந்தக் காலையைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசியதில்லை. போன வாரம்தான், இதை எழுதும்போது சந்தேகம் வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்டேன். அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

“உனக்கு வேண்டாம், வேண்டாம்னுதானே தலையாட்டினாங்க?”

“ஆமா.”

“எனக்கு அப்படி ஆட்டலடா.” குரலைத் தாழ்த்தினாள். “சரின்னு ஆட்டினாங்க. மெதுவா... சிரிச்சுக்கிட்டே.”

அக்கா காரில் ஏறியபோது டீலர் கண்ணாடி அறையில் இருந்தார். சீட் தைக்கிறவர் கொட்டகையில் இருந்தார். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே யாரும் எந்த விலையும் சொல்லவில்லை.