தார்ப் பீப்பாயில் இரண்டு கொடி

விமலேஸ்வரிக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது கிளிநொச்சிக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் அவள் இருந்தது புங்குடுதீவில். அங்கே குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டை தூரம் நடக்க வேண்டும். பூங்கன்றுக்கு ஊற்றப் போகிறேன் என்று வாய் திறந்தால் பெற்ற தாயே அகப்பைக் காம்பால் போடுவாள். ஐம்பத்துநான்கில் மயில்வாகனத்தைக் கட்டிக்கொண்டு, குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்து வந்து இறங்கியபோது, வாசலுக்கு முன்னாலேயே இரணைமடு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் விக்கி விக்கி அழுதாள் என்று மயில்வாகனம் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லட்டுமே, உண்மைதானே.

நிலத்தில் எதை வைத்தாலும் பன்றி கிண்டியது, மாடு மேய்ந்தது. அதனால் அவள் சட்டி பானைகளில் இறங்கினாள். ஓட்டைப் பானை, மண்ணெண்ணெய்த் தகரம், பிஸ்கட் தகரம், எதையும் விடவில்லை. தெருவேலைக்காரர் விட்டுப்போன தார்ப் பீப்பாய்களை மயில்வாகனம் குறுக்கே வெட்டி, அடியில் துளை போட்டுக் கொடுத்தான். திட்டத்தில் மற்றப் பெண்களும் செடி வைத்தார்கள்தான். ஆளுக்கொரு தகரம், தகரத்துக்கொரு குறோட்டன். பள்ளிக்கூடத்தில் கதிரை மேல் ஏற்றி விட்ட பிள்ளை மாதிரி அது தனியே முழித்துக்கொண்டு நிற்கும். விமலேஸ்வரி அப்படி வைக்க மாட்டாள். அவள் காட்டோரத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தவள். அங்கே எந்தச் செடி தனியே நிற்கிறது? ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று அதன் காலடியை நிறைக்கிறது, ஒன்று கீழே வழிந்து போகிறது. அவளுடைய பீப்பாயிலும் அப்படித்தான். நிறம் பார்ப்பாள், இலையின் அளவு பார்ப்பாள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் தாகம் பார்ப்பாள். ஒரே தாகமுள்ள செடிகளைத்தான் ஒரே சட்டியில் வைப்பாள். கற்றாளையையும் பசளியையும் ஒன்றாக வைத்தால் ஒன்று அழுகும், இல்லாவிட்டால் மற்றது காயும். தண்ணீரின் அருமை தெரிந்தவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

அந்தக் கணக்குத்தான் அவளைக் கவிழ்த்தது.

கார்த்திகைப் பூவை, அதுதான் செங்காந்தளை, அங்கே அறியாதவர் இல்லை. மழை விழுந்தால் பற்றையெல்லாம் ஏறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும். ஆனால் அதன் கிழங்கைக் கண்டவர்கள் குறைவு. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவர்களில் பலர், அது விதையில் முளைத்துப் பூத்துச் செத்துப்போகிற கொடி என்றே நினைத்திருந்தார்கள். விமலேஸ்வரி ஒருநாள் காட்டோரத்தில் நான்கு கிழங்கைக் கிளப்பி வந்து, பெரிய பீப்பாயின் நடுவில் தடி ஊன்றி நட்டாள். சுற்றிவர வாடாமல்லி. விளிம்பு முழுவதும் வற்றாளைக் கொடி, சர்க்கரைவள்ளிதான். வெறும் இலைக்காகத்தான், கிழங்குக்காக அல்ல. அதன் இளம் ஊதா இலை பீப்பாயின் கறுப்பில் வழிந்தபோது, வாய்க்கால் கட்டில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

மயில்வாகனம் மட்டும் முகம் சுளித்தான். காடு வெட்டின வருசம் மண்வெட்டியில் அகப்பட்ட கார்த்திகைக் கிழங்கைத் தின்றுதான் அவர்களுடைய நாம்பன் மாடு செத்தது.

"உனக்கென்ன விசரே? திங்கிற கிழங்கையும் கொல்லுற கிழங்கையும் ஒரு பீப்பாய்க்குள்ளயோ வைக்கிறது?" என்றான்.

"ரெண்டுக்கும் ஒரே தாகமப்பா. ஒண்டாத் தளைக்கும், ஒண்டாக் காயும். பீப்பாய் ஒருநாளும் அரைகுறையா நிக்காது."

"காய்ஞ்ச பிறகு மண்ணுக்குள்ள எது எதெண்டு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுவன். நானெல்லோ நட்டனான்."

அவள் சொன்னபடியே செய்தாள். அந்த வருசம் கொடிகள் காய்ந்ததும் தானே கிண்டி, வற்றாளையைக் குசினிக்கும் கார்த்திகையை ஒரு தகரத்துக்கும் பிரித்தாள். ஒரு குறையும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அன்றே புத்தி வந்திருக்கும்.

ஐம்பத்தெட்டுப் புரட்டாதியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து இரஞ்சிதம் வந்தாள். யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரி, விமலேஸ்வரியைவிடப் பத்து வயது மூப்பு, எதையும் எளிதில் மெச்சாத மனுசி. அவளுடைய மகள் இலட்சுமியைப் பெண் பார்க்கக் கார்த்திகை மாதம் ஆட்கள் வருகிறார்களாம்.

"விமலா, உன்ர பீப்பாய் மாதிரி ஒண்டு எங்கட வாசலுக்கும் செய்து தாவன். வாற சனம் முதலில வாசலைத்தானே பார்க்கும்."

விமலேஸ்வரிக்குத் தலைகால் தெரியவில்லை. அவளுடைய கைவேலையை ஒருவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே பீப்பாய் உருட்டிப் போனாள், மண் குழைத்தாள், நட்டாள். கிழங்கு மேல் மண் மூடும்போது, "அக்கா, இது நஞ்சு" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நல்ல காரியத்துக்கு வாசலில் நஞ்சை வைக்க யார் சம்மதிப்பார்கள்? அடுத்த நிமிடமே பீப்பாய் திரும்பி வந்துவிடும். காய்ந்ததும் நானே போய்க் கிண்டி எடுத்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"சொல்லிக் குடுத்தனியோ?" என்று மயில்வாகனம் கேட்டான்.

"ஓம், சொன்னனான்."

அவன் பிறகு கேட்கவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

கார்த்திகையில் பீப்பாய் பற்றி எரிந்தது போலப் பூத்தது. வந்தவர்களுக்கு வாசலும் பிடித்தது, பெண்ணும் பிடித்தது. கலியாணம் ஆனிக்கு என்று ஒப்பேறியது. தையில் கொடிகள் மஞ்சளாகின. மாசியில் அருவிவெட்டு, பங்குனியில் சூடடிப்பு, சித்திரையில் சிறுபோக உழவு. ஒவ்வொரு மாதமும் விமலேஸ்வரி நாளைக்குப் போகிறேன் என்றாள். வாய்க்காலின் அந்தப் பக்கம் காய்ந்த கொடி தடியில் தொங்கிக்கொண்டே இருந்தது. சில நாள் அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருக்கும். உடனே வேறு வேலை வந்துவிடும்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். மயில்வாகனத்துக்கு அந்தத் திங்கட்கிழமை வயலுக்குத் தண்ணீர் முறை. தவறவிட்டால் பயிர் கருகும். "நீ போட்டு வா, எனக்கும் சேர்த்துக் கும்பிடு" என்று அவளை மட்டும் பஸ் ஏற்றி விட்டான்.

பின்னேரம் கோயில் வெளியில் ஒரு கிழவர் கடகத்தில் அவித்த வற்றாளைக் கிழங்கு வைத்திருந்தார். அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"நல்ல கிழங்கு, பிள்ளை. இந்தக் கிழமைதான் எல்லா இடமும் கிண்டுகினம்," என்றார் அவர்.

எல்லா இடமும். விமலேஸ்வரியின் கையிலிருந்த கிழங்கு மணலில் விழுந்தது. விளிம்பில் வற்றாளைக் கொடியைக் கண்ட எந்தக் குடும்பப் பெண் பீப்பாயைக் கிண்டாமல் விடுவாள்? மணம் பேசிய பிள்ளை இருக்கிற வீடு. ஐயோ அம்மாளாச்சி, அந்தப் பிள்ளை!

கடைசி பஸ் போய்விட்டது. வாகனம் பிடிக்க முல்லைத்தீவு வரை நடந்து பார்த்தாள். பொங்கலை விட்டுவிட்டு யார் வருவார்கள்? விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள். புதுக்குடியிருப்பில் அது ஆட்களுக்காக நின்றது. "அண்ணை, எடுங்கோ, உயிர் போற விசயம்," என்று அவள் கத்த, சாரதி ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துத்தான் எடுத்தான். பரந்தனில் மாறி, இறங்கி, வாய்க்கால் கட்டால் ஓடினாள். இரஞ்சிதத்தின் வாசலில் சனம் கூடி நிற்கிறதா என்று தூரத்திலிருந்தே கண்ணை இடுக்கிப் பார்த்தாள். சனம் இல்லை. பீப்பாய் மட்டும் கவிழ்ந்து கிடந்தது, மண் பரவிக் கிடந்தது.

இரஞ்சிதம் நெல்லுக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இலட்சுமி, முழுசாக, சிரித்த முகத்தோடு.

"உதென்ன பிள்ளை ஓட்டம்?"

"அக்கா, கிழங்கு... பீப்பாய்க் கிழங்கு திண்டனீங்களோ?"

"நாங்களோ? இல்லையே."

விமலேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மாளே, காப்பாற்றினாய், காப்பாற்றினாய் என்று மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"கன்று தந்த வீடு வாய் வைக்க முந்தி நாங்கள் தின்னுறதோ?" என்றாள் இரஞ்சிதம். "எங்கட பக்கத்தில அப்பிடி வழக்கமில்லை. முதல் கிண்டினது முழுக்கத் தந்தவைக்குத்தான். நேற்றுப் பின்னேரம் அவிச்சு, உரிச்சு, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைஞ்சு இலட்சுமியிட்டக் குடுத்துவிட்டன். தம்பியும் தனியக் கிடக்கிறார், பாவம்."

விமலேஸ்வரி எழுந்த விதமும் தெரியாது, வாய்க்காலைக் கடந்த விதமும் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போனாள் என்று இலட்சுமி பிறகு சொன்னாள்.

மயில்வாகனம் குசினி வாசலில் பாயில் கிடந்தான். பக்கத்தில் சத்தி எடுத்த சட்டி. உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், முடியவில்லை.

"வந்திட்டியோ? இரவு முழுக்க வயித்தாலயும் வாயாலயும். வெய்யில் சூடாக்கும். தண்ணி முழுக்கப் பாய்ச்சிட்டன், நீ யோசியாதை."

"அந்தக் கிழங்கு..." அவள் பாயருகில் குந்தினாள். "பார்க்காமல் ஏனப்பா திண்டனீங்கள்?"

"நீ சொல்லித்தானே குடுத்தனீ. அவை பார்த்துத்தான் கிண்டியிருப்பினம்." அவன் அவளுடைய கையைப் பிடித்தான். அவனுடைய கை சில்லிட்டிருந்தது. "லேசாக் கைச்சுது, எண்டாலும் நல்ல ருசி. உனக்கு வத்தாளையெண்டால் உயிரெல்லோ. உனக்கும் பாதி மூடி வைச்சிருக்கிறன். பசியோட வந்திருப்பாய், சாப்பிடு."

அடுப்படியில் ஒரு கோப்பை, அதன் மேல் இன்னொரு கோப்பை, எறும்பு ஏறாமல் சுற்றிவரத் தண்ணீர். நான்காம் நாள் ஆசுபத்திரியில் செத்துப்போன மயில்வாகனம் அவளுக்கென்று எடுத்து வைத்த கடைசிச் சாப்பாடு அது.