மடங்கும் விரலும் இரண்டு துளைப் பெட்டியும்

லீஃபர் எய்னார்சனின் இடது கை மோதிரவிரல் இரண்டு வருடமாக உள்ளங்கையைப் பார்த்துக் குனிந்துகொண்டே வந்தது. கனடாவில் ஏரிக்கரை ஊரான கிம்லியில் இது புதுசில்லை. அங்கே குடியேறிய ஐஸ்லாந்துக் குடும்பங்களில் சொத்து வருகிறதோ இல்லையோ, இந்த மடங்குகிற விரல் அப்பனிடமிருந்து தவறாமல் வந்து சேரும். மற்றவர்கள் அந்த விரலோடேயே மீன் பிடிப்பார்கள், சீட்டாடுவார்கள். லீஃபர் அப்படி விட முடியாது. வாரம் முழுக்க அவர் நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டினாலும், சனிக்கிழமை ஊர் ஹாலில் நடக்கும் நடனத்துக்கு அவர்தான் எலக்ட்ரிக் கிட்டார்.

பக்கத்துப் பெருநகரமான வின்னிபெக்கின் டாக்டரம்மா மென்று விழுங்கவில்லை. "உள்ளங்கையில இறுகின நாரை வெட்டி விட்டா விரல் நிமிரும். ஆனா பழையபடி கம்பி மேல ஓடுமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்று சொல்லி, ஆபரேஷனுக்கு மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு நடனத்தையும் லீஃபர் தானே கட்டிய ஒரு வால்ட்ஸ், அதாவது ஜோடி ஆட்டத்துக்கான மெட்டு, வாசித்துத்தான் முடித்து வைப்பார். அதற்குப் பெயர் கூடக் கிடையாது. நடுவில் ஓர் இடத்தில் மோதிரவிரல் எட்டிப் போய் ஒரு உச்ச ஸ்வரத்தைப் பிடித்து, அதை நடுங்க வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். அந்த ஓர் இடத்துக்காகத்தான் மொத்த வால்ட்ஸும். இதுவரை யாரும் அதைப் பதிவு செய்ததில்லை. இவருக்கும் தோன்றியதில்லை, கை எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டார். இப்போது கை ஓடப் பார்க்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்குள் வால்ட்ஸைப் பிடித்தாக வேண்டும்.

ஸ்டுடியோ எடுக்கலாம் என்றால் வாடகை கேட்டவுடன் தலை சுற்றியது. குளிர்கால டயர் வாங்கியது போக மிச்சமிருந்ததுதான் கையிருப்பு. வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவாயிற்று. உடனே ஓரெஸ்ட் மெல்னிக் கிளம்பி வந்துவிட்டார். முப்பது வருடமாக லீஃபருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறவர். வாய் டிரம்ஸை விடப் பெரிது.

இசைக்கருவிக் கடையில் ஓரெஸ்டின் கண் நேராக, கிட்டார் சத்தத்தை மாற்றிக் காட்டும், விளக்கு மினுக்கும் ஒரு பெடலில் போய் ஒட்டிக்கொண்டது.

"டேய், இதை வாங்குடா! உள்ள இருநூறு சத்தம் இருக்காம். சர்ச் மணி கூட இருக்கு!"

"எனக்கு எதுக்குடா சர்ச் மணி? நான் என்ன பூசையா வைக்கப் போறேன்?"

"அப்போ அந்தப் புதுப் பெட்டியாவது வாங்கு. பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு."

அது கிட்டாரையோ மைக்கையோ லேப்டாப்பில் சேர்க்கிற பெட்டி. பளபளப்புக்குக் குறைவில்லை, ஆனால் ஒரே ஒரு துளை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செருகலாம். பக்கத்திலேயே, யாரோ ஆசையாக வாங்கி அலுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்த பழைய பெட்டி ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் கீறல், ஆனால் இரண்டு துளை. லீஃபர் அதை எடுத்து, குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். கரகரப்பு இல்லை.

"ஒண்ணுல ஆம்ப்ளிஃபயர் முன்னாடி வெச்ச மைக். இன்னொண்ணுல கிட்டார்லேர்ந்து நேரா ஒரு ஒயர். ரெண்டும் தனித்தனியா பதிவாகும்" என்றார்.

"ரெண்டு எதுக்கு? உனக்கு என்ன ரெண்டு கிட்டாரா இருக்கு?"

"நான் தேர்ந்தெடுக்கிற ஆம்ப் மட்டமா இருந்துட்டா? மைக் சொதப்பிட்டா? சத்தத்தை அப்புறம் கூட வாங்கிக்கலாம், ஓரெஸ்ட். கையை வாங்க முடியாது."

ஓரெஸ்ட் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தார்.

மைக் சர்ச் ஹாலில் இரவலாகக் கிடைத்தது. பிங்கோ விளையாட்டில் எண் கூப்பிடுகிற மைக். வலை நசுங்கியிருந்தாலும் கீழே போட்டு மிதித்தாலும் சாகாத ரகம். ஹாலில் வைத்திருந்த தன் பெரிய ஆம்பை லீஃபர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அதைச் சரியான சத்தத்துக்கு ஏற்றினால் பக்கத்து வீட்டுக் கண்ணாடியெல்லாம் கலகலக்கும். கராஜில் தூசி பிடித்துக் கிடந்த சாப்பாட்டு டப்பா அளவு ஆம்பைத் துடைத்து எடுத்தார். அதை முழுச் சத்தத்துக்குத் திறந்துவிட்டு, ஸ்பீக்கரின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி மைக்கை ஒட்டி வைத்தால், கேட்கிறவன் பெரிய ஆம்ப் என்று சத்தியம் செய்வான். கிட்டார் ஒயரை இரண்டாகப் பிரிக்க ஒரு சின்ன டப்பா, புதுக் கம்பிகள் ஒரு செட். அதோடு பணம் தீர்ந்தது.

வீட்டின் அடித்தளமான பேஸ்மென்ட்டில் எல்லாவற்றையும் மாட்டி ஓரெஸ்டுக்குப் போட்டுக் காட்டினார். மைக் வழி வந்தது அருமையாக இருந்தது. நேர் ஒயரில் வந்ததைத் தனியாகக் கேட்டதும் ஓரெஸ்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னடா இது, கொசு பல் வலியில அழற மாதிரி இருக்கு! இதுக்கா ரெண்டு துளை?"

லீஃபருக்குச் சுருக்கென்றது. சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால் பெரிய ஞானி மாதிரிப் பேசியாகிவிட்டது. இருந்தாலும் ஒயரைப் பிடுங்கவில்லை. பிடிவாதக்காரர்.

பேஸ்மென்ட்டில் இன்னொரு தொல்லை ஃப்ரீசர். கோடையில் ஏரியில் பிடித்த பிக்கரெல் மீன் முழுதும் அதற்குள்தான். அது உறுமத் தொடங்கினால் மைக்கில் உறுமல்தான் கேட்கும். ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, லீஃபர் வேலைக்கு லீவு போட்டு, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசிக்க உட்கார்ந்தார். திரும்பச் செருக வேண்டும் என்பது அன்று மாலையும் நினைவுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மனதில் அந்த ஒரு ஸ்வரம்தான். விரல் எட்டும், வழுக்கும், பிடிக்கும், விட்டுவிடும். சனிக்கிழமை பகல் முழுக்க இதே கதை.

ஞாயிறு மதியம் விரலுக்கு என்ன தோன்றியதோ, வழிக்கு வந்தது. முதல் பகுதி வெண்ணெயாக இறங்கியது. உச்ச ஸ்வரத்தில் விரல் போய் உட்கார்ந்து, நடுங்கி, நின்றது. லீஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ராத்திரிச் சமையலுக்கு மீன் எடுக்க இறங்கி வந்த அவர் மனைவி வெர்னா ஃப்ரீசரைத் திறந்தாள்.

"அட கடவுளே! லீஃபர்! என்ன மனுஷன் நீ? மீனெல்லாம் கொழகொழன்னு கிடக்கு! பிளக்கைப் பிடுங்கினவனுக்கு மாட்டத் தெரியாதா? ஐயோ நாத்தம்!"

லீஃபர் நிறுத்தவில்லை. காதில் ஒவ்வொரு வசவும் விழுந்தது. நிறுத்தினால் விரல் இன்னொரு தடவை வராது என்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஸ்வரம் வரை வாசித்து முடித்தார்.

போட்டுக் கேட்டார்கள். உச்ச ஸ்வரத்தின் மேலேயே "கொழகொழன்னு கிடக்கு" துல்லியமாக உட்கார்ந்திருந்தது. கூடவே வாளியில் மீன் விழுகிற சத்தம். மறுபடி முயன்றார். விரல் மரத்துப் போயிருந்தது. இன்னொரு முறை, உள்ளங்கையே சுண்டி இழுத்தது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

வெர்னாவின் கோபமெல்லாம் வடிந்து முகம் வெளிறிவிட்டது. "பாழாப்போன என் வாய்! மீன் போனா போகுதுன்னு இருந்திருக்கக் கூடாதா நான்?" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதாள். லீஃபர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மறுநாள் விடிந்ததும் இருவரும் வின்னிபெக் போனார்கள்.

அந்த வாரம், கட்டுப் போட்ட கையோடு லீஃபர் சோபாவில் கிடந்தார். பார்க்க வந்த ஓரெஸ்ட், சிரிக்க வைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்து வெர்னாவின் கச்சேரியைப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. சங்கடப்பட்டு அவசர அவசரமாக அணைக்கப் போனவர், மைக்கில் பதிவான வரியை மட்டும் அமுக்கி ஊமையாக்கிவிட்டார். வெர்னாவின் குரல் டக்கென்று நின்றது. கொசு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

லீஃபர் எழுந்து உட்கார்ந்தார். கொசு என்று கேலிக்கு ஆளான அந்த ஒயரை அவர் மறந்தே போயிருந்தார். "கையை எடு! அப்படியே விடு!"

கொசு உச்ச ஸ்வரத்துக்கு ஏறியது. மீன் இல்லை, வாளி இல்லை, வசவு இல்லை. விரல் மட்டும் இருந்தது.

"இந்த ஒயருக்குக் காது கிடையாதுடா! கம்பியை மட்டும்தான் அதுக்குத் தெரியும். வெர்னா தொண்டை கிழியக் கத்தினாலும் அதுக்குக் கேக்காது!"

"சத்தம் கொசுவா இருக்கேடா."

"கிட்டாரும் வெறும் ஒயர்ல கொசுதான். ஆம்புக்குள்ள போனாதான் அது பாட்டு. பெட்டியிலேர்ந்து திரும்ப வெளிய எடுத்து, அளவைக் குறைச்சு, ஹால்ல இருக்கிற என் பெரிய ஆம்புக்குள்ள விடுவோம். நான் செருகினா என்ன, இது செருகினா என்ன? ஆம்புக்கு என்ன தெரியும்!"

ஓரெஸ்ட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "சரிதான்டா. ரெண்டு துளைதான்."

சனிக்கிழமை நடனத்தில் கடைசி வால்ட்ஸ் வந்தது. மேடையில் கிட்டார்காரர் நிற்கிற இடம் காலி. லீஃபர் கீழே, சுவரோரம் நாற்காலியில். ஓரெஸ்ட் லேப்டாப்பைத் தட்டிவிட்டு டிரம்ஸுக்கு ஓடினார். பெரிய ஆம்ப் உறுமி, வாயைத் திறந்தது. அடேயப்பா! தரை அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக லீஃபர் வாசித்ததில்லை. காலி மேடையைப் பார்த்துக் கூட்டம் விசிலடித்தது.

வெர்னா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரி."

"எங்க?"

"முப்பது வருஷமா கடைசி வால்ட்ஸுக்கு எல்லார் புருஷனும் கீழ இருப்பான், என் புருஷன் மட்டும் மேல இருப்பான். நான் இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். இன்னைக்குத்தான் உன் கை சும்மா இருக்கு. எந்திரி மனுஷா!"

லீஃபருக்கு ஆடத் தெரியாது, எங்கே கற்றிருப்பார்? கட்டுப் போட்ட கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு, தட்டுத் தடுமாறி ஒரு சுற்றுச் சுற்றினார். ஆம்பிலிருந்து அவருடைய விரல் ஏறியது, எட்டியது, உச்சத்தைப் பிடித்து நடுங்கி நின்றது.

"கேட்டியா?" என்று கத்தினார். "அந்த இடம் கேட்டியா வெர்னா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காலை மிதிக்காம ஆடு."