வலது காலை ஊன்றாத ஒன்றரை வருஷம்

முட்டையின் வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் துணியில் தடவி முட்டியைச் சுற்றிக் கட்டினால் முதல் நாள் குளுகுளுவென்று இருக்கும். மூன்றாம் நாள் காய்ந்து, தோலைக் கவ்விப் பிடித்து, எறும்பை அழைத்து வரும் ஒரு நாற்றத்தைக் கிளப்பும். எனக்கு எட்டு வயதில் அப்படி நான்கு "கட்டு" போட்டார்கள். மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டுகிறவர், அம்மா களைக்கும் நடவுக்கும் போகிறவள். வலது முட்டி வலிக்கிறது என்று நான் சொன்னதும், வெட்டின கரும்புக் கட்டையில் இடித்துக்கொண்டிருப்பேன் என்று அவர்களாகவே முடிவுசெய்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கட்டுக்காரரிடம் கூட்டிப்போனார்கள்.

நான்காவது கட்டை அவிழ்த்த பிறகும் நான் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தேன். முட்டியை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு பழுதில்லாமல் பளிச்சென்று இருந்தது. அப்பா அந்தப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அன்றோடு என் வலி பொய்யாகிவிட்டது. போதாக்குறைக்கு, தெருவில் கட்டம் கிழித்து ஒற்றைக்காலில் தாவி ஆடும் "சில்லு" ஆட்டத்தில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது.

"பள்ளிக்கோடம் போவச் சொன்னா காலு நோவுது, சில்லு ஆடும்போது மட்டும் நோவலியா?" என்று அப்பா ஒருநாள் கையில் கிடைத்த கரும்புத் துண்டால் முதுகில் ஒன்று வைத்தார். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அவரோடு நான்கு நாள் பேசவில்லை.

அம்மாதான் விடவில்லை. "பொய் சொல்ற புள்ள, யாரும் இல்லாதப்பகூட சாஞ்சி சாஞ்சியா நடக்கும்? நான் மறைவா நின்னு பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று அப்பாவிடம் சண்டை பிடித்து, இருவருமாக என்னைக் கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா முட்டியையும் தொடவில்லை, படத்தையும் வாங்கவில்லை. நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். என்ன விளையாடுவாய் என்று கேட்டார். சில்லு என்றதும், ஆடிக் காட்டச் சொன்னார். இடது காலில் அந்த அறையையே சுற்றி வந்தேன்.

"இப்ப இன்னொரு கால்ல நில்லும்மா."

வலது காலில் நின்றதும் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, அம்மாவின் மேல் விழுந்தேன். எப்போதும் இடது காலில்தான் ஆடியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது. பிறகு என்னைப் படுக்கவைத்துத் தொடையை மெல்ல உட்பக்கமாகத் திருப்பினார். திருப்பியது இடுப்பை, உயிர் போனது முட்டியில்.

"இடுப்புல கோளாறு இருந்தா குழந்தைங்க முட்டி வலிக்குதுன்னுதான் சொல்லும். பொய் இல்லீங்க. அதுக்கு அங்கதான் வலிக்கும்" என்றார் டாக்டரம்மா. அப்பா கொண்டுவந்த முட்டிப் படத்தை உறைக்குள் திருப்பிப் போட்டார்.

இடுப்புக் குழியில் உட்கார்ந்திருக்கும் எலும்பு உருண்டைக்கு ரத்தம் போகாமல் அது மெத்தென்று ஆகிவிட்டது, காலை ஊன்றினால் நசுங்கும், நசுங்கினால் ஆயுசுக்கும் நொண்டல்தான், ஊன்றாமல் காத்தால் திரும்ப வளர்ந்துவிடும் என்று இடுப்பைப் படமெடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு காலையும் அகட்டிவைத்து, நடுவில் ஒரு கழி கொடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். சில மாதம் கழித்து அது போய்க் கக்கத்தில் ஊன்றுகட்டை வந்தது. ஒன்றரை வருஷம் வலது கால் தரையில் படக்கூடாது. படவிடுவதில்லை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். பாதி என் காலுக்காக, பாதி அப்பா பார்க்கட்டும் என்கிற வீம்பு. கட்டை எட்டாத இடத்தில் இருந்தால் புட்டத்தால் நகர்ந்து போவேன், காலை ஊன்ற மாட்டேன். வாசலில் உட்கார்ந்து சில்லு ஆட்டத்துக்கு நியாயம் சொன்னேன்; கோட்டை மிதித்த ஒருத்தியையும் தப்பவிட்டதில்லை. அப்பா அந்த வருஷம் வெட்டுக் கும்பலோடு வெளியூர் போகவில்லை. தினமும் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். அடித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உருண்டை வளர்ந்தது, முழு உருண்டையாக இல்லாவிட்டாலும். நேராக நடக்கிறேன். இப்போது கரியாலூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை. மலையில் ஏறி இறங்கித்தான் பிழைப்பு. எந்தப் பிள்ளையாவது "நோவுது" என்றால் இரண்டு காலிலும் மாற்றி மாற்றி நிற்கவைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. "இன்னா டீச்சர், புள்ளைக்குத் தண்டனையா?" என்று தாய்மார்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

எங்கள் தெருவுக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள், கட்டம் கிழிக்க மண் இல்லை. கட்டுக்காரர் வீடும் இல்லை. மழைக்காலத்தில் இடுப்பு குடைவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம், "காலு நோவுதா பாப்பா?" என்று அப்பா கேட்பார். "இல்லப்பா" என்பேன். அவர் போய் இரண்டு வருஷமாகிறது, இப்போது கேட்க ஆளில்லை. இருந்தவரையில், நான் சொன்ன அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.