அப்பா அனுப்பிய பொடி

இராணுவத்துக்காகக் கிருமி கண்டுபிடிக்கும் கருவி செய்கிற கம்பெனியில் அரசாங்க வியாபாரம் முழுக்க என் பொறுப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் யாராவது கேட்டால் 'மருந்து கம்பெனி' என்று சொல்லி நழுவிவிடுவேன். அப்பாவுக்கு மட்டும் விவரம் தெரியும். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குடைந்து குடைந்து கேட்பார்.

வெளிநாட்டில் தபால் உறைக்குள் நோய்ப்பொடி வைத்து அனுப்புகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். ஊரார் பயம் எனக்குப் பிழைப்பு. டில்லி போதாது, மாவட்ட அலுவலகங்களையும் பிடி என்றார் முதலாளி. எங்கள் ஊர் அதிகாரியோ கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். இந்த ஆர்டரும் போனால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பித் தொலைத்தேன்.

"அந்தக் கருவி தப்பே பண்ணாதாடா?" என்று கேட்டார்.

"பண்ணாதுப்பா. உசிரைக் காப்பாத்தற விஷயமாச்சே."

பச்சைப் பொய். சுண்ணாம்பு மாதிரி பொடி பட்டால் அது தடுமாறும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

நாலைந்து நாளில் அந்த அதிகாரியே போன் செய்தார். பிரித்த தபாலிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியிருக்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. மொத்த ஆபீசும் வேப்பமரத்தடியில் நிற்கிறதாம். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். வெட்கங்கெட்டவன், வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே போனேன்.

முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு சோதித்தேன். கருவியில் இரண்டு கோடு விழுந்தது. ஆபத்து என்று அர்த்தம். ஜன்னல் வழியாகப் பார்த்த அதிகாரி, "ஐயையோ!" என்று பின்வாங்கினார். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் போடப் போனேன். முகவரியைப் பார்த்தேன். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். பையை வெளியே எடுத்து வந்தபோது எட்டிப் பார்த்த ஆபீஸ் பியூன்தான் சொன்னார்: "இது நம்ம வாத்தியார் எழுத்து சார்! நான் அவருகிட்ட படிச்சவன்."

போலீஸ் ஜீப்பில் அப்பாவை அழைத்துவந்தார்கள். நெற்றியில் பளிச்சென்று நாமம், தோளில் துண்டு. "இன்னா பெர்சு, இன்னா பொடி இது? ஊரே பயந்துக்கினு கெடக்குது" என்றார் கான்ஸ்டபிள்.

"திருமண்ணுதான். நாமம் இட்டுக்கறது" என்று சொல்லிவிட்டு அப்பா அதிகாரியைக் கும்பிட்டார். "பெருமாள் கிட்ட வெச்சு வாங்கினது சார். கொஞ்சம் இடிச்சு அனுப்பினேன். உங்க கையால நாலு பேருக்கு நல்லது நடக்கணும்னு."

"பேர் ஏன் போடலை?"

"பேர் போட்டா சிபாரிசு மாதிரி ஆயிடுமே."

என்னைப் பார்த்தார். பிள்ளை என்று சொல்லவில்லை. நானும் அப்பா என்று சொல்லவில்லை. முகமூடியைக் கழற்றாமலே நின்றேன். அது ஒரு சௌகரியம்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வெறும் திருமண்ணா? அப்ப உங்க மிஷின் தப்பா காட்டுதா சார்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"கருவி சரியாத்தான் சொல்லும் சார்" என்றார் அப்பா. "பரண்ல கிடந்த பழைய கட்டி. ஈரத்துல கிருமி கிமி சேர்ந்திருக்கும். தப்பு என் பேர்லதான்."

அதிகாரி சிரித்துவிட்டார். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று அப்பாவை எல்லார் முன்னாலும் கண்டித்து அனுப்பினார். கெட்டுப்போன மண்ணைக்கூட விடாத மிஷின் என்று என்னிடம் கை குலுக்கினார். மறுநாளே ஆர்டரை டைப் அடிக்கச் சொல்வதாகவும் சொன்னார். கேட் வழியாக அப்பா தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்ள எனக்குத் துப்பில்லை.

என் பிழைப்புக்காக அப்பா பொய் சொன்னார் என்றே அன்று முழுக்க நினைத்துக் கூனிக் குறுகினேன்.

காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் திருமண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு, இட்டுக்கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, இதை நெத்தியில இட்டுக்கலாமா? ஒண்ணும் பண்ணிடாதே?"

அவர் பொய் சொல்லவே இல்லை. நான் சொன்னதை நம்பியிருந்தார்.

"இட்டுக்கோங்கோப்பா. அது வெறும் மண்ணுதான்."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்தக் கருவி?"