அவசரமில்லை என்று சொன்ன எட்டு வீடு

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். மயிலாப்பூரில் மந்தைவெளியை ஒட்டிய ஒரு சந்தில், லிஃப்ட் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத காலத்தில் கட்டியது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. முப்பத்துநான்கு படிகள். நான் எண்ணியதில்லை, என் மனைவி எண்ணி வைத்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. ஆபரேஷனை அவள் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவதற்கு மட்டும் இறங்குவாள். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவோம். கீழே வந்து சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பயம் என்று நினைத்திருந்தேன். வெட்கம் என்று பிறகு சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு பில்டர் வந்தார். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு எட்டுப் பேருக்கும் புது வீடு கட்டித் தருவதாகவும், அதற்கு மேல் கட்டும் மாடிகளைத் தான் விற்றுக்கொள்வதாகவும் சொன்னார். லிஃப்ட் உண்டு. கட்டி முடிக்கும்வரை லிஃப்ட் உள்ள வாடகை வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போட்டுவிட நினைக்கிறேன் என்றார். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"லிஃப்ட்ல நாற்காலி வைக்க இடம் இருக்குமா?"

அன்றைக்கே பேனாவை எடுத்திருக்க வேண்டியவன் நான். ஏன் எடுக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கே முழுதாக விளங்கவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

அந்த வாரம் அடையாறில் ஒரு நூலகத்தில் 'ஆட்டக் கோட்பாடு' என்று ஒரு பேச்சு. பணி ஓய்வு பெற்ற ஆள் சனிக்கிழமை மாலையை எங்கேயாவது கழித்தாக வேண்டுமே. கிரிக்கெட் சமாசாரமாக இருக்கும் என்று போய் உட்கார்ந்தேன். பேசிய பேராசிரியை உதாரணத்துக்கு இரண்டு திருடர்களைப் பிடித்துத் தனித்தனி அறையில் அடைத்தார். போலீஸிடம் வாயைத் திறக்காவிட்டால் இருவருக்கும் லாபம். ஆனால் அடுத்த அறைக்காரன் திறந்துவிடுவானோ என்ற பயத்தில் இரண்டு பேருமே திறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து தி.நகருக்கு வந்தார். ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போட்டால் எதிர்க்கடையும் போட்டே ஆக வேண்டும். கடைசியில் கூட்டம் பழையபடி இரண்டு கடைக்கும் பாதிப் பாதி. தள்ளுபடி கொடுத்ததுதான் மிச்சம். "இரண்டு முதலாளியும் உட்கார்ந்து பேசிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். "பேசலாம். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்ப வேண்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மண்டை காய்ந்தது. எதிராளி என்ன செய்வார் என்று நான் யோசிக்கிறேன். நான் இப்படி யோசிப்பேன் என்று அவரும் யோசிப்பார். அதையும் சேர்த்து நான் யோசிக்க வேண்டுமென்றால் எந்த ஸ்டாப்பில் இறங்குவது? நிஜமாகவே ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினேன்.

இதற்குள் குடியிருப்பில் ஒரு வதந்தி. அடுத்த தெருவில் இதேபோல் இடித்துக் கட்டியபோது, கடைசியாகக் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் கூரை போட்ட கார் நிறுத்தும் இடம் தனியாகக் கிடைத்ததாம். ஆகவே எட்டுப் பேருக்கும் எட்டாவது ஆளாக இருக்க ஆசை வந்துவிட்டது. நானும் நோட்டுப் புத்தகத்தில் பேராசிரியை பலகையில் போட்டுக் காட்டியதுபோல் நாலு கட்டம் போட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு திருடர்கள்தான் அடங்கினார்கள், எட்டு வீடு அடங்கவில்லை. எங்களிடம் கார் இல்லை என்பது அந்தக் கட்டங்களில் எங்குமே வரவில்லை.

எனக்குத் தைரியம் கொடுத்தது இன்னொரு விஷயம். கால் நன்றாக இருந்த நாளில் என் மனைவியைப் போல் பேரம் பேச ஆள் கிடையாது. பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு விலை சொல்லுவாள். கடைக்காரர் மறுத்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். ஆறாவது அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். "யக்கா, இன்னாக்கா, போய்க்கினே கீறே! வா, வந்து எட்த்துக்கினு போ!" எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும், நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வேன். ஆனாலும் பாடம் படித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். வேண்டாம் என்று நடக்க வேண்டும், அவர்களே கூப்பிடுவார்கள்.

ஆடி பிறந்தது. பில்டர் வீடு வீடாக ஏறி இறங்கினார். சங்கச் செயலாளரான கீழ்வீட்டுக்காரர், "எங்காத்துல ஒண்ணும் அவசரமில்லை. ஆடியில போய் யாராவது கையெழுத்துப் போடுவாளோ? ஆடி போகட்டும்" என்றாராம். முதல் மாடி டீச்சரும் அவசரமில்லை என்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்று நானும் அதையே சொன்னேன், நல்ல சத்தமாக. உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும். எப்போது கையெழுத்து என்று அவள் கேட்டபோதெல்லாம், "பேசிட்டு இருக்கோம்" என்றேன். எல்லோருக்கும் ஆடி வசதியாகப் போயிற்று. யாரும் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, மாதத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

ஆவணி வந்தது, பில்டர் வரவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஆறாவது அடியும் தாண்டிவிட்டது. போன் செய்தேன்.

"பின்தெருவுல வேற கட்டடத்துக்குப் பூஜை போட்டாச்சு சார்" என்றார்.

"எங்க கட்டடம்?"

"நீங்கதான் எட்டு வீடும் அவசரமில்லைன்னு சொன்னீங்களே சார். நான் நம்பிட்டேன்."

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

கீழே போய் இஸ்திரி வண்டியருகில் நின்றேன். எட்டு வீட்டுத் துணியும் அவரிடம்தான் போகிறது. விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அடப் பாவமே! அல்லாரும் ரெடியாத்தான் கீறாங்கோ சார். கீய் வூட்டு மாமா சாமானெல்லாம் கட்டி வெச்சிக்கினாரு. டீச்சரம்மா வாடக வூடே பாத்துட்டு வந்துச்சு."

"இதை ஏன்பா என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியே சார். அவங்கோதான் கேட்டாங்கோ, மாடி வூட்ல இன்னா சொல்றாங்கோன்னு. நீ அவசரமில்லன்னு சொன்னதத்தான் நானும் சொன்னேன்."

நாங்கள் ஒன்றும் தனித்தனி அறையில் அடைபட்டவர்கள் இல்லை. எந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பது எட்டு வீட்டுக்கும் தெரியும். இருந்தும் யாரும் யாரையும் கேட்கவில்லை. இது எந்தக் கட்டத்தில் வரும் என்று அந்தப் பேராசிரியையைத்தான் கேட்க வேண்டும்.

மேலே வந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கார் நிறுத்தும் இடத்தையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நமக்கு ஏதுங்க காரு?" என்றாள்.

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான். நீ நடப்பே, கடைக்காரன் கூப்பிடுவான்."

"எல்லாத் தடவையுமா கூப்பிட்டான்? பாதி நாள் கூப்பிட மாட்டான். திரும்பிப் போய், சரிப்பா, கொடுன்னு வாங்கிட்டு வருவேன். நீங்க எங்க அதைப் பார்த்தீங்க? கூச்சப்பட்டுக்கிட்டு நாலு கடை தள்ளி நிப்பீங்க."

முப்பத்தெட்டு வருஷம் பக்கத்திலிருந்தும் நான் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்குத்தான் திரும்பிப் போகக் கால் இல்லை" என்றாள். "உங்களுக்கு என்ன?"

இறங்கினேன். முதல்முறையாகப் படிகளை எண்ணிக்கொண்டு இறங்கினேன், முப்பத்துநான்குதான். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் திறந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "சார், எங்களுக்கு அவசரம். என் மனைவியால படி இறங்க முடியலை" என்றேன். மாதாமாதம் அந்த நாற்காலி அவர் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனாலும் அவரிடம் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அவர் கதவை அகலத் திறந்தார். "எங்களுக்கும் அவசரம்தான் சார். மழை வந்தா ஹால்ல சாக்கடைத் தண்ணி நிக்கறது. வெளியில சொன்னா நன்னாவா இருக்கும்? உள்ள வாங்கோ" என்றார்.

பில்டர் திரும்பி வருவாரா என்பது எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போது மேலே படிக்கட்டின் முனையிலிருந்து அவள் குரல் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரம் வந்திருக்கிறாள்.

"எத்தனை வீடு ஆச்சு?"

"ஒண்ணு" என்றேன்.

"அப்போ இன்னும் ஆறு. கூச்சப்பட்டு நின்னுடாதீங்க."